பெரட்டுக்கு வராதவள்

பேராக்கில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பது ஒரு வசவுச்சொல். பள்ளியில் ஒருத்தன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் போதும், "இவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்டா" என்பார்கள். சீனப் பையனும் மலாய்ப் பையனும் இதையே சொல்லித்தான் கிண்டலடிப்பார்கள். மூன்று இனத்துக்கும் பொதுவாக வாய்த்த சில சொற்களில் இதுவும் ஒன்று. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிற இந்தச் சிற்றூரில், 1911ல் பிரிட்டிஷ் நிர்வாகம் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரு மனநோய் மருத்துவமனையைத் திறந்தது. இன்று அதன் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி.

இந்தக் கட்டுரை அந்த மருத்துவமனைக்குப் போகாத பெண்களைப் பற்றியது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பிள்ளை பெற்று, பெற்ற பிறகு ஏதோ ஒன்று தம்மை அமுக்கியதை உணர்ந்து, அதற்குப் பெயர் தெரியாமல் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனவர்கள். இன்று மருத்துவம் அதைப் பேறுகால மனச்சோர்வு என்கிறது. கர்ப்பத்தின்போதே தொடங்கலாம், பிள்ளை பிறந்து சில மாதம் கழித்தும் வரலாம். தூக்கம் போகும், பசி போகும், பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது, 'நான் நல்ல தாய் இல்லை' என்ற எண்ணம் விடாமல் அரிக்கும். நம் தோட்ட வரலாற்றில் இது எங்கே இருந்தது என்று தேடப் போனால் முதலில் கிடைப்பது எண்கள்தான்.

தோட்டம் எண்ணியது

தோட்டத்தில் நாள் தொடங்குவது பெரட்டில். விடிவதற்கு முன் ஆள்கள் வரிசையாக நிற்க, கிராணி பேர் கூப்பிடுவார். பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. 1920களின் கடைசியில் பல தோட்டங்களுக்கு அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. பெண் அங்கே முதலில் ஒரு பேர், அப்புறம் ஒரு தொகை.

அவள் வயிற்றையும் தோட்டம் எண்ணியது. கட்டாய ஒப்பந்தக்கூலி முறை 1910ல் ஒழிக்கப்பட்டு, கங்காணி வழியாக ஆள் எடுப்பது பெருகியபோது, குடும்பமாக வந்தால் ஆள்கள் ஓடிப்போகாமல் நிற்பார்கள் என்ற கணக்கு வந்தது. மலேரியா கொன்ற குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். மால்கம் வாட்சன் மலாயாவின் மலேரியா தடுப்பைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டதும் 1911ல்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பேறுகாலப் படி, குழந்தைக் காப்பகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமைகளில் சேர்த்தது. 1938ல் இந்திய அரசு உதவியுடன் ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது, தோட்டத்தின் அடுத்த தலைமுறைத் தொழிலாளி லயத்தில்தான் பிறந்தாக வேண்டும் என்றானது.

குழந்தை சாகக்கூடாது, தாய் சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டு கவலையும் அந்தக் காலத்து ஏற்பாடுகளில் தெளிவாகத் தெரிகின்றன. லெனோர் மேண்டர்சன் 1996ல் வெளியிட்ட காலனிய மலாயாவின் நோய் வரலாற்றைப் படித்தால், அரசின் கண் எந்தெந்த உடல்மேல் எதற்காக விழுந்தது என்பது புரியும். தாயின் மனசு எந்தக் கட்டத்திலும் இல்லை. அதற்கென்று ஒரு கட்டமே போடப்படவில்லை.

தாய்வீடு எங்கே?

நம் வழக்கத்தில் பேறுகாலத்துக்கு ஒரு காப்பு உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிள்ளை பெற்ற பிறகு தீட்டு என்று ஒதுக்கிவைப்பார்கள். ஒதுக்கிவைப்பதில் ஆயிரம் கெடுதல் இருக்கலாம். ஆனால் அந்த நாள்களில் அவள் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பத்தியச் சோறு ஆக்கித் தர ஒரு அம்மா இருப்பாள். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி இருப்பாள். ராத்திரி பிள்ளை அழுதால் தூக்க ஒரு தங்கச்சி இருப்பாள்.

கப்பலேறி வந்த முதல் தலைமுறைக்கு அந்தத் தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம், வட ஆற்காட்டிலோ சேலத்திலோ திருச்சியிலோ இருந்தது. 1931 குடிமதிப்பின்படி மலாயா இந்தியர்களில் 1000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. இந்த எண்ணை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஆண்களின் பிரச்சினையாகவே வாசித்தார்கள்: மனைவி கிடைக்காத கூலிகள், தகராறு, ஒழுக்கக்கேடு. பிள்ளை பெற்றவளின் பக்கத்திலிருந்து அதை வாசித்துப் பாருங்கள். அம்மா இல்லை, அக்கா இல்லை, அத்தை இல்லை. பக்கத்துக் காம்பிராவில் இருப்பவளும் காலையில் பெரட்டுக்குப் போயாக வேண்டியவள்.

தமிழ்த் தாலாட்டில் 'உன்னை யார் அடித்தார்கள்' என்று கேட்டு உறவுகளை வரிசையாகக் கூப்பிடும் வழக்கம் உண்டு. மாமன், அத்தை, பாட்டி என்று ஒவ்வொருவராக வந்து போவார்கள். அந்தப் பாட்டு கப்பலில் வந்து சேர்ந்தது, பாட்டில் இருந்தவர்கள் வரவில்லை. லயத்து அறையில் ஏணையை ஆட்டிக்கொண்டு அந்த வரிசையைப் பாடியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தாலாட்டு எங்கே முடிகிறது, ஒப்பாரி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடம் அது.

சன்னி, பேய், திமிர்

பெயர் இல்லை என்றேன். முற்றிலும் இல்லாமல் இல்லை. பிள்ளை பெற்றவள் பிதற்றினால் 'சன்னி' என்றார்கள். பிரசவத்தில் கிருமி தொற்றி வரும் காய்ச்சலின் பிதற்றலும், காய்ச்சலே இல்லாத மனக் குழப்பமும் அந்த ஒரே சொல்லுக்குள் கிடந்தன. வெறித்துப் பார்த்தால் பேய். பூசாரி வருவார், வேப்பிலை வரும். மலாய்க்காரர்கள் 'மெரோயான்' என்பார்கள். பிள்ளை பெற்றபின் வரும் பித்துக்கு அவர்களிடம் இருக்கும் தனிச்சொல் அது. தோட்டத்துத் தமிழர்களும் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகிய சொல்தான்.

ஆனால் கத்தாமல், ஆடாமல், சும்மா உட்கார்ந்துவிட்டவளுக்கு என்ன பெயர்? என் பாட்டியிடம் கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். எத்தனை பிள்ளை என்று கேட்டால் அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் சொல்கிற மாதிரியே பதில் சொல்வார்: "பெத்தது எட்டு, நின்னது அஞ்சு." பெத்த பிறகு எப்படி இருந்தீங்க என்று அவரை அதுவரை யாரும் கேட்டதில்லை போல. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருந்தேன்னா? முப்பது கழிச்ச மறுநாளே பெரட்டுல நின்னேன். மூணாவது புள்ளைக்கு மட்டும் அழுகையா வந்துச்சு. எதுக்குன்னு தெரியாது. மரத்துக்கிட்ட நின்னு அழுவேன். மங்கை நிமித்தி வெச்சுட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். அங்கயும் அழுவேன்."

யாரிடமாவது சொன்னீங்களா?

"என்னன்னு சொல்றது? வலின்னா டிரஸ்ஸர்கிட்ட சொல்லலாம். எங்க லயத்துல ஒருத்தி புள்ளையத் தூக்காமலே கெடந்தா. எல்லாரும் திமிருன்னாங்க. நானும் திமிருன்னுதான் சொன்னேன்."

சன்னி, பேய், திமிர். மூன்றில் கடைசிச் சொல்தான் அதிகம் புழங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலைக்கு வராதவளைக் கிராணி எந்தச் சொல்லால் குறித்தாரோ அதே சொல்லால் லயமும் அவளைக் குறித்தது.

இதற்காக நம்மவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பாரிஸில் லூயி விக்டர் மார்சே கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் பித்தைப் பற்றி விரிவான நூல் எழுதியது 1858ல். ஆனால் மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே வாடும் சாதாரணத் தாய்மார்களின் சோர்வை எண்ணிப் பார்க்க இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. பிரைஸ் பிட் என்ற மருத்துவர் லண்டன் தாய்மார்களைக் கேட்டு, நூற்றில் ஏறத்தாழ 11 பேருக்கு இது வருகிறது என்று 1968ல் எழுதினார். அடுத்த ஆண்டு, 1969ல், இங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். லண்டனில் அதற்குப் பெயர் கிடைத்த நேரத்தில் நம் பாட்டிகளில் பலர் தங்கள் கடைசிப் பிள்ளையைப் பெற்று முடித்திருந்தார்கள்.

வேலூரிலிருந்து ஒரு பட்டியல்

இறந்துபோனவர்களுக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது ஆபத்தான வேலை. அழுதவள் எல்லாம் நோயாளி அல்ல. அருணிமா தத்தா 2021ல் வெளியிட்ட நூல், மலாயாவின் கூலிப் பெண்களை வெறும் பாவப்பட்டவர்களாகப் பார்க்கும் பழக்கத்தை மறுக்கிறது. அவர்கள் பேரம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், வாய்ப்பு கிடைத்தபோது தம் வழியைத் தாமே தேர்ந்தார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் எந்தச் சூழலில் இந்தச் சோர்வு பெருகும் என்பது இன்று தெரியும். அந்தச் சூழல் தோட்டத்தில் இருந்ததா என்று கேட்கலாம் அல்லவா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து தொடர்ந்து பார்த்து, 2002ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை பெற்ற பிறகு 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்களுக்கு. கர்ப்பத்தின்போது துயரமான சம்பவங்களைச் சந்தித்தவர்களுக்கு. கைவேலைக்கு உதவி இல்லாதவர்களுக்கு.

கணியம்பாடி பழைய வட ஆற்காடு மாவட்டம். தோட்டங்களுக்கு ஆள் வந்த மண். அந்தப் பட்டியலைப் பேராக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். குறைந்த வருமானம் என்பதை விளக்க வேண்டியதில்லை. கைவேலைக்கு உதவி இல்லாமையைத்தான் தாய்வீட்டைப் பற்றிப் பேசியபோது சொன்னேன். துயரச் சம்பவங்களுக்கு பேராக்கில் பஞ்சமே இல்லை. ஜப்பானியர் காலத்தில் பல்லாயிரம் தமிழ் ஆண்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. லயங்கள் முள்வேலிக்குள் போயின. பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள், சோறு எடுத்துப்போகத் தடை போட்டார்கள். அந்த ஆண்டுகளிலும் பெண்கள் கர்ப்பமானார்கள், பெற்றார்கள்.

நம் இலக்கியம் இதில் பாதியைச் சொல்லியிருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் போனவர்களின் கதை. புருஷனை லாரியில் ஏற்றிய வாரத்தில் வலி கண்டு பெற்றவளின் கதைக்கு இன்னும் ஒரு நாவல் பாக்கியிருக்கிறது. பாப்பானில் கெரில்லாக்களுக்கு மருந்து கொடுத்து, ஜப்பானிய ராணுவ போலீசிடம் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசுவை வீராங்கனையாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அவர் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. ஈப்போ பிரூஸ்டர் சாலையில் கணவரோடு கிளினிக் நடத்தியவர். பிரசவம் பார்ப்பதுதான் அவருடைய தொழில். வரலாறு துப்பாக்கியின் பக்கம் திரும்பியதும் அந்தத் தொழில் அடிக்குறிப்பாகிவிட்டது.

ஆயாக் கொட்டகை

தோட்டத்தில் ஒரு காப்பு இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் படம் ஒருபக்கமாகிவிடும். ஆயாக் கொட்டகை. வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் இருட்டிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விடுவார்கள். வயதான ஓர் அம்மாளோ இருவரோ வரிசையாகக் கட்டிய ஏணைகளை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அது தோட்டத்தின் வசதிக்காக வந்தது. தாய் வேலைக்குப் போக வேண்டும், அதற்குத்தான். பால் சுரந்து ரவிக்கை நனைய, பிள்ளை ஒரு மைல் தள்ளிப் பசியில் அழ, அவள் மரம் மரமாக நடந்திருக்கிறாள். பிள்ளைக்கு அந்த நேரத்தில் இனிப்புக் கட்டிப்பால் கரைத்துக் கொடுப்பதும் நடந்தது. அந்தப் பால் குழந்தைகளைக் கொல்கிறது என்று மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ல் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினார்.

இருந்தாலும் அந்தக் கொட்டகையில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளையை இன்னொரு பெண்ணின் கையில் கொடுக்கும்போது, அந்தப் பெண் தாயின் முகத்தையும் பார்ப்பாள். "என்னடி, ராத்திரி தூங்கலயா?" என்று ஒரு கேள்வி விழும். கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த உறவுகளை லயத்துப் பெண்கள் தங்களுக்குள் மெல்லக் கட்டிக்கொண்டார்கள். ரத்தத் தொடர்பே இல்லாமல் ஒருத்தி சித்தி ஆனாள், ஒருத்தி பெரியம்மா ஆனாள். என் பாட்டி மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு எப்படித் தேறினார் என்று கேட்டதற்கு, ஆயாவைத்தான் சொன்னார். "அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க. புள்ளைய வாங்கிட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி கொடுப்பாங்க."

சட்டம் பார்த்த இடம்

எழுத்தில் தாயின் மனசு எங்கேயாவது வருகிறதா என்று தேடினால் ஒரு விசித்திரமான இடத்தில் வருகிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஏ பிரிவு. பிரசவத்தின் விளைவிலிருந்து முழுதாக மீளாத நிலையில், அதனால் மனம் நிலைகுலைந்து, பெற்ற சிசுவின் சாவுக்குக் காரணமாகும் பெண்ணின் குற்றத்தை அது கொலையிலிருந்து பிரித்து வைக்கிறது. இங்கிலாந்தின் 1922, 1938ஆம் ஆண்டுச் சட்டங்களில் இருந்த அதே சிந்தனை. பிள்ளை பெறுவது மனதைக் குலைக்கக்கூடும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பிள்ளை செத்த பிறகுதான் அது அந்தத் தெரிதலைப் பயன்படுத்துகிறது. இதற்கு முந்தைய 309ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கியது. 2023ல்தான் அதை நீக்கினார்கள்.

வேலைச் சட்டத்தைப் பாருங்கள். பேறுகால விடுப்பு பல பத்தாண்டுகளாக 60 நாள்தான். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாள். பேறுகாலப் படி பெற இன்றும் ஒரு வரம்பு உண்டு: உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் கிடையாது. பழைய கணக்கு இன்னும் முழுதாக மறையவில்லை.

தோட்டம் போன பிறகு

1980களிலும் 90களிலும் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் ஈப்போவுக்கு, புந்தோங்குக்கு, மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. கள்ளுக்கடையையும் துரையின் அதிகாரத்தையும் இழந்ததற்கு யாரும் அழ வேண்டாம். ஆனால் ஆயாக் கொட்டகையும் போயிற்று. அடுக்குமாடி நான்காவது மாடியில் கைக்குழந்தையோடு அடைந்திருக்கும் பெண்ணுக்குக் கதவைத் தட்டி முகம் பார்க்க ஆள் வேண்டும். தாய்வீடு இப்போது கடல் கடந்து இல்லை. ஆனால் அந்த அம்மாவும் தொழிற்சாலையில் ஷிஃப்டில் நிற்கிறாள்.

மலேசிய அரசு 2016ல் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், கிளினிக்குக்கு வந்த தாய்மார்களில் 4.4 விழுக்காட்டினரிடம் இந்தச் சோர்வு தெரிந்தது. கணவனின் கொடுமைக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் வெளிப்பட்டது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2012ல் வந்த கட்டுரை, கர்ப்பத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு, பிள்ளை பெற்றபின் ஏறத்தாழ 20 விழுக்காடு என்கிறது. மலேசிய எண் சிறியதாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைய எனக்குத் தயக்கம். கேள்வித்தாளை நீட்டுவது வெள்ளைச் சட்டை போட்ட மிசி, பின்னால் நீண்ட வரிசை. திமிர் என்று பேர் வாங்கிய பரம்பரையில் வந்தவள் அங்கே எதை ஒப்புக்கொள்வாள்?

எப்படிக் கேட்பது என்பதற்குப் பாகிஸ்தானில் ஒரு விடை கிடைத்தது. ராவல்பிண்டி கிராமப்புறத்தில், வீடு வீடாகப் போகும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த தாய்மார்களோடு தொடர்ந்து உட்கார்ந்து பேசவைத்தார்கள். 2008ல் வெளியான முடிவின்படி, பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினர் மட்டுமே இன்னும் சோர்வில் இருந்தார்கள். மற்றவர்களில் 53 விழுக்காடு. அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. ஊர்ப் பெண்கள், பழகிய முகம், தெரிந்த பாஷை. அதைப் படித்தபோது எனக்கு ஆயாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவரிடம் இருந்த குணத்தோடு கொஞ்சம் பயிற்சியும், முடியாதபோது மருத்துவரிடம் அனுப்பும் வழியும் சேர்த்தால் இதுதான்.

தோட்ட வரலாறு எழுத நினைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1950களிலும் 60களிலும் லயத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களிடம் போனால் துரை பேரையும் கங்காணி பேரையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். புள்ள பெத்தப்போ பக்கத்துல யாரு இருந்தா, யாரு சமைச்சா, எத்தனாம் நாளு பெரட்டுக்குப் போனீங்க, ராத்திரி தூக்கம் வந்துச்சா, புள்ளையப் பார்த்தா என்ன தோணுச்சு என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். காத்திருங்கள்.